ஜூனிப்பர் வில்: தோல் போதாது, தசைநார் வேண்டும்

ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தில் வில் செய்வது பற்றிய கட்டுரை ஒன்று, வில்லின் முதுகில், அதாவது இலக்கை நோக்கிய பக்கத்தில், மெல்லிய தோல் ஒட்டினால் போதும் என்கிறது. போதாது. இந்த மரம் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது, கணுக்களும் அதிகம். தோல் சிம்பு எழும்பாமல் தடுக்குமே தவிர இழுவையைச் சுமக்காது. அதைச் சுமக்க மான் தசைநார்தான் வேண்டும்.

காய்ந்த நாரைத் தட்டி, நூல்நூலாகப் பிரித்து, வெதுவெதுப்பான வச்சிரப் பசையில் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது) தோய்த்து நீளவாக்கில் ஒட்ட வேண்டும். பசைச் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நாரே சுருண்டு வெந்துவிடும். நார் முனைகள் செங்கல் கட்டுமானம்போல விலகி விலகி அமையட்டும். ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கேதான் பிளக்கும். மரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, அதனால் முதுகைச் சுரண்டி, நீர்த்த வச்சிரம் இரண்டு மூன்று பூச்சு கொடுத்த பிறகே நார். இதைத் தவிர்த்தால் நார் பட்டையாக உரிந்து வரும்.

இரண்டு அடுக்கு போதும். பிறகு நிழலில் ஒரு மாதமாவது காயவேண்டும். அவசரப்பட்டு நாண் ஏற்றினால் வில் வளைந்தபடியே நின்றுவிடும். மழையில் வச்சிரம் இளகும், கொழுப்பு தடவி வையுங்கள்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலப் பழங்குடிகள் உயிருள்ள ஜூனிப்பரில் மேலும் கீழும் வெட்டி, வில்லுக்கான கட்டையை மரத்திலேயே காயவிட்டுப் பெயர்த்தார்கள். அந்தத் தழும்புகளை இன்றும் பார்க்கலாம். கட்டுரையில் இது இல்லாதது பெரிய குறை.