4,500 வெள்ளிக்கு மேல் வாங்கினால் சட்டம் இல்லையா?

“மாசம் 4,500 வெள்ளிக்கு மேல வாங்குற மேனேஜருக்கு வேலை நியமனச் சட்டம் கிடையாது. எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தா சம்பளத்தைப் பிடிக்கலாம்.” சிங்கப்பூரில், தேக்கா காப்பிக் கடையில் நண்பர் காட்டிய வாட்ஸ்அப் தகவல் இது. தவறு. பழைய சட்டத்தை யாரோ தூசு தட்டி அனுப்பியிருக்கிறார்.

அந்த வரம்பு 2019 ஏப்ரல் 1 அன்றே போய்விட்டது. மூன்று மாதம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மேனேஜரானாலும் சரி, வொர்க் பெர்மிட்டில் வந்தவரானாலும் சரி. வீட்டுப் பணிப்பெண்கள், கப்பல் ஊழியர்கள், அரசு ஊழியர்கள்தான் விலக்கு.

குழப்பத்துக்குக் காரணம், 4,500 என்ற எண் சட்டத்தில் இன்னும் இருப்பதுதான். ஓவர்டைம், ஓய்வுநாள் விதிகளில் உடலுழைப்புத் தொழிலாளிக்கான சம்பள வரம்பு அது. மற்ற ஊழியர்களுக்கு 2,600. மேனேஜருக்கு அந்தப் பகுதி மட்டும் பொருந்தாது.

அநியாயமாக வேலையைவிட்டு நீக்கினால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் டிஏடிஎம் (TADM) என்ற முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) அமைப்பிடம் போக வேண்டும்.