பத்து மணிக்கு மேல் எங்களுக்கும் ராத்திரிதான்

நேற்று ராத்திரி 1.10-க்குத்தான் அந்த ஹோட்டல் ஸ்பீக்கர் சத்தம் அடங்கியது. நான்கு மணிக்கு நான் எழுந்தாக வேண்டும். காய்கறி வண்டி ஓட்டுகிறேன். விடிவதற்குள் ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கி, மார்க்கெட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு, கடை திறக்கிற நேரத்துக்கு மேலே வந்துவிட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள், இறங்க ஒரு தடவை, ஏற ஒரு தடவை. இன்று காலை எட்டாவது வளைவை நெருங்கும்போது கண் செருகிவிட்டது. பக்கத்தில் இருந்த தம்பி "அண்ணே!" என்று கத்தி, தோளைப் பிடித்து உலுக்கினான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கை நடுக்கம் நிற்கும்வரை ஸ்டியரிங்கில் சாய்ந்தே கிடந்தேன். இரண்டு பேர் உயிர் அந்த ஒரு நொடியில் போயிருக்கும்.

எங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் ஒரு ஹோட்டல். முன்பு பத்து அறை வைத்த சாதாரண லாட்ஜ். யாருக்கும் தொந்தரவில்லை. அப்புறம் கை மாறியது, பார் வந்தது. சரி, உள்ளே உட்கார்ந்து குடிக்கிறவர்களோடு எனக்கு என்ன வழக்கு? ஆனால் போன வருடம் பின்பக்கப் புல்தரையில் மேடை போட்டு, ஆளுயர ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் டிஜே, கேம்ப் ஃபயர். லீவு சேர்ந்து வந்தால் நான்கு ராத்திரி. கோடை சீசனில் கிழமையே பார்ப்பதில்லை.

சேலத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள், "ஜன்னலைச் சாத்திட்டு ஃபேனைப் போட்டுப் படுங்க" என்கிறார்கள். ஐந்தாயிரம் அடி உயரத்துக் குளிரில் எங்கள் வீட்டில் ஃபேனே கிடையாது. கீழே என்றால் ஃபேன் இரைச்சலும் ரோட்டு இரைச்சலும் பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும். இங்கே பத்து மணிக்கு மேல் பூச்சிச் சத்தம் மட்டும்தான். மழைக்காலத்தில் தவளைகள் விடிய விடியக் கத்தும். அதைக் கேட்டுக்கொண்டே சுகமாகத் தூங்கி வளர்ந்தவன் நான். இந்த 'தும் தும்' அப்படியில்லை. காதில் பஞ்சு வைத்தேன். போர்வையைத் தலையோடு இழுத்து மூடினேன். பாயைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் போய்ப் படுத்தேன். பஞ்சு பாட்டின் வார்த்தையைத்தான் நிறுத்துகிறது, அடியை நிறுத்துவதில்லை. சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

ஏன் இப்படி என்று என் அக்கா மகன்தான் விளக்கினான், இன்ஜினியரிங் படித்தவன். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை அதிர்கிற கனத்த ஒலியில் ஓர் அலையின் நீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர். வீட்டுச் சுவரும் ஜன்னலும் அதை எளிதில் தடுத்துவிடாது. அதோடு, வானம் தெளிந்த ராத்திரிகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ச்சியாகவும் அதற்கு மேலே உள்ளது கொஞ்சம் சூடாகவும் இருக்கும். பகலில் மேலே போய்விடுகிற சத்தம் அப்போது வளைந்து தரைக்கே திரும்புமாம்.

போன மாதம் நேரில் போய்ச் சொன்னேன். மேனேஜர் எங்கள் வாசல் வரை வந்து, போனில் ஏதோ ஆப்பைத் திறந்து காட்டினார். "பாருங்க, 48-தான் காட்டுது. இதுக்கா இவ்வளவு பேச்சு?" சத்தத்தை டெசிபல் கணக்கில் அளப்பார்கள். குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி உச்ச அளவு 45 டெசிபல். அப்படியானால் அவர் காட்டிய கணக்கே மீறல்தான். அந்தக் கணக்கும் முழுசு இல்லை. இந்த ஆப்கள் பொதுவாகக் காட்டுவது 'டெசிபல் ஏ' அளவு. காதுக்கு எந்த ஒலி எவ்வளவு உறைக்கும் என்று பார்த்துக் கனத்த ஒலியைக் குறைத்துப் போடுகிற அளவு அது. 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் கழிந்துவிடும். என் நெஞ்சில் இடிக்கிற அடி அவர் திரையில் தெரியாமல் போவது இதனால்தான்.

சட்டத்தையும் தேடிப் படித்தேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் ராத்திரி என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாலு பக்கமும் மூடிய ஹாலுக்குள் என்றால் விலக்கு உண்டு. திருவிழா, கலை நிகழ்ச்சி என்றால் அரசு 12 மணி வரை அனுமதிக்கலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. தூக்கம் மனிதனின் அடிப்படை உரிமைக்குள் வருகிறது என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இவ்வளவும் இருக்கிறது. 112-க்கு அடித்தால் போலீஸ் வண்டியும் வருகிறது. வந்தவர்கள் சொன்னதும் சத்தம் இறங்குகிறது. அவர்கள் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் மறுபடி ஏறுகிறது. எத்தனை தடவைதான் அடிப்பது?

பாட்டு நின்ற பிறகும் முடிவதில்லை. கார் கதவுகளை அடிக்கிற சத்தம், கூச்சல், எங்கள் வேலி ஓரத்தில் ஒண்ணுக்குப் போவது. குடித்த பாட்டில்களைக் காபித் தோட்டத்துக்குள் வீசுகிறார்கள். போன டிசம்பரில் பழம் பறிக்க வந்த ஓர் அக்காவின் காலை பீர் பாட்டில் துண்டு கிழித்துவிட்டது. நாலு தையல். ஒரு வாரக் கூலி போச்சு. ஹோட்டலில் இருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளியிடம் பேசியபோது அவர் சொன்ன பதில்தான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. "டூரிஸ்ட் ஏரியான்னா அப்படித்தாங்க இருக்கும். ஒத்துவரலைன்னா வேற இடம் பாத்துக்குங்க." என் தாத்தாவே இந்த மலையில், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். எங்கே போகச் சொல்கிறார் என்னை? அவருடைய சமையலறைக்கு கேரட்டும் பீன்ஸும் தக்காளியும் கொண்டுபோய் இறக்குவது என் வண்டிதான். அவர் ராத்திரி பறிக்கிற தூக்கத்தோடுதான் காலையில் அவருக்குச் சரக்கு ஏற்றிவருகிறேன். டூரிஸ்ட் டூரிஸ்ட் என்கிறாரே, கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் ராத்திரி 11 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு ரோட்டில் நின்று வேறு அறை தேடியதை நான் பார்த்தேன். அமைதி வேண்டும் என்றுதானே அவர்களும் இவ்வளவு தூரம் மலை ஏறி வந்தார்கள்?

பாரை மூடச் சொல்லவில்லை. பத்து மணிக்குப் புல்தரை ஸ்பீக்கரை அணையுங்கள். ஆட வேண்டுமானால் உள்ளே ஹாலில், கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்காத அளவில் ஆடட்டும். பாட்டில்களை உங்கள் ஆட்களை விட்டே பொறுக்குங்கள்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போகிறேன். எங்கள் பக்கத்தில் 23 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், காலில் தையல் போட்ட அந்த அக்காவும் சேர்த்து. இதே தொல்லையில் தூக்கம் கெட்டவர்கள் மலையில் வேறு யார் இருந்தாலும் வாருங்கள். சரக்கு இறக்கிய கையோடு பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பேன்.