பிரவுன் குடும்பத்தின் இரண்டு கணக்குகள்

அமெரிக்காவில் நீர் விசையில் வெற்றிகரமாக ஓடிய முதல் பருத்தி நூற்பாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 1790-இல் தொடங்குகிறார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாட்டக்கெட் ஊர், ஆற்று நீரின் விசையில் ஓடிய நூற்பு எந்திரங்கள், இங்கிலாந்திலிருந்து தொழில் நுட்பத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்த சாமுவேல் ஸ்லேட்டர், பணம் போட்ட மோசஸ் பிரவுன். அழகான கதைதான். ஆனால் அதை அங்கே தொடங்குவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. மோசஸின் பிரவுன் குடும்பம் எழுதி வைத்த கணக்குகளே அதற்குச் சாட்சி.

1764-இல் நிக்கோலஸ், ஜோசப், ஜான், மோசஸ் என்ற நான்கு பிரவுன் சகோதரர்களின் நிறுவனம் அடிமைகளை வாங்கிவர 'சாலி' என்ற கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. சரக்கு, 17,000 காலனுக்கும் மேல் ரம். கேப்டன் ஈசெக் ஹாப்கின்ஸ் எழுதிய கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது, இணையத்திலேயே படிக்கலாம். இத்தனை காலன் ரம்முக்கு ஓர் ஆள் என்று ஒரு வரி. சில பக்கங்கள் தள்ளி, ஒரு சிறுவன் இறந்தான், ஒரு பெண் இறந்தாள் என்று வரிசை எண் போட்டுக் குறிப்புகள். அடிமைகள் எதிர்த்து எழுந்ததும், சுட்டு அடக்கியதும், எட்டுப் பேர் மாண்டதும் அதே கையெழுத்தில், சரக்குக் கணக்குக்கு நடுவிலேயே வருகின்றன. வாங்கிய 196 பேரில் 109 பேர் இறந்தார்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. அதை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

மோசஸ் மனம் மாறினார். 1773-இல் தன் அடிமைகளை விடுவித்தார், குவேக்கர் என்ற கிறித்தவச் சபையில் சேர்ந்தார், அடிமை வணிகத்தை எதிர்த்துக் கடைசிவரை பேசினார். அண்ணன் ஜானோ விடவில்லை. அமெரிக்கக் கப்பல்கள் வெளிநாடுகளுடன் அடிமை வணிகம் செய்வதைத் தடுத்த 1794-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1797-இல் வழக்கில் நிறுத்தப்பட்டார், ஒரு கப்பலையும் இழந்தார். அண்ணன் தம்பிக்குள் இப்படியொரு பிளவு. மோசஸின் மனமாற்றத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் ஆலைக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? முதலில் சூரினாமிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும், பிறகு மேலும் மேலும் அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்தும். எல்லாமே அடிமைகள் பறித்த பஞ்சு. நூற்றவர்களோ குழந்தைகள், தொடக்கத்தில் ஒன்பது பேர், ஏழு முதல் பன்னிரண்டு வயது. பின்னாளில் ரோட் ஐலண்டின் மற்ற ஆலைகள் தோட்டத்து அடிமைகளுக்கென்றே மலிவான முரட்டுத் துணியும் நெய்து தெற்கே அனுப்பின.

மோசஸின் மருமகன் வில்லியம் ஆல்மி நடத்திய ஆல்மி அண்ட் பிரவுன் நிறுவனத்தின் கடிதங்களும் கணக்குகளும் ரோட் ஐலண்ட் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் படிக்கிறார்கள், அடிமை முறையை ஆராய்கிறவர்கள் சாலியின் புத்தகத்தைப் படிக்கிறார்கள். இந்தப் பிரிவினையைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். இந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய பிரவுன் பல்கலைக்கழகத்துக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்பை ஆராய 2003-இல் அதன் அன்றைய தலைவர் ரூத் சிம்மன்ஸ் அமைத்த குழு, 2006 அறிக்கையில் சாலியின் கதையை விரிவாக எழுதியது. காகிதம் மிஞ்சியிருந்ததால்தான் அது முடிந்தது. அதே அக்கறை பஞ்சுக் கணக்குக்கும் வேண்டும். அந்தக் கடிதங்களுக்கு அட்டவணை போடும்போது எடை, விலையோடு பஞ்சு ஏறிய துறைமுகத்தையும், தெரிந்தால் தோட்டத்தின் பெயரையும் குறித்து வையுங்கள். தன் முன்னோரைத் தேடி வரும் ஒருவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.