சிமிலாரிட்டி ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள்

ஆய்வேட்டின் எத்தனை விழுக்காடு வேறு மூலங்களோடு பொருந்துகிறது என்று மென்பொருள் தரும் அறிக்கைதான் சிமிலாரிட்டி ரிப்போர்ட். ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரம் வந்தாலே "எத்தனை விழுக்காடு வரை விடுவார்கள்?" என்ற கேள்விதான் ஓடுகிறது. எல்லா நாட்டுக்கும் பொதுவான எல்லை எதுவும் கிடையாது. இந்தியாவில் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை போனால் திருத்திய பிரதியைக் கொடுக்கவே ஓராண்டுத் தடை, அதற்கும் மேல் பதிவே ரத்து.

இந்த அட்டவணையை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட அதே விதிமுறையின் இன்னொரு பகுதியைத் தொடுவதில்லை. ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவற்றில் ஒப்புமையே கூடாது என்கிறது அது. பொதுவாகவோ தற்செயலாகவோ அமையும் தொடர்களுக்கு, அடுத்தடுத்த 14 சொற்கள் வரை மட்டுமே விலக்கு.

கணக்கைப் பாருங்கள். 60,000 சொல் ஆய்வேட்டில் 10 விழுக்காடு என்பது 6,000 சொற்கள். 400 மூலங்களிலிருந்து பதினைந்து பதினைந்து சொற்களாக வந்திருந்தால் பெரும்பாலும் துறையின் வழக்கமான தொடர்கள்தான். ஒரே ஆய்வேட்டிலிருந்து மொத்தமாக வந்திருந்தால் ஓர் இயலையே தூக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ரிப்போர்ட் காட்டுவது அதே 10.

அதனால் மூலங்களின் பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஒரே மூலம் 2 விழுக்காட்டைத் தாண்டினால் வரிவரியாகப் படித்துவிடுவது நல்லது. முறையியல் இயலில் 20 வந்தாலும் நான் பதற மாட்டேன். கருவியையும் புள்ளியியல் சோதனையையும் எத்தனை விதமாகத்தான் எழுதுவது? முடிவுகளை விவாதிக்கும் இயலில் ஒரு பத்தி பொருந்தினாலும் விடக் கூடாது.

கணக்கில் சேரக் கூடாதவற்றை விலக்கும் ஃபில்டரிலும் தவறு நடக்கிறது. துணைநூற்பட்டியலுக்கு வழக்கமான தலைப்பு இல்லையென்றால் மென்பொருள் அதை அடையாளம் காணாமல் எண்ணை ஏற்றிவிடும். சிறு பொருத்தங்களை விலக்கும் அளவை 50 சொல் என்று வைத்தால், வரிவரியாக ஒட்டிய திருட்டெல்லாம் மறைந்துபோகும். வரைவை ஏற்றும்போது மென்பொருளின் களஞ்சியத்தில் சேமிக்காத அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் இறுதிப் பிரதி உங்கள் வரைவோடேயே பொருந்தி 90-ஐத் தாண்டும். உங்கள் சொந்தக் கட்டுரை பொருந்தினால், இயலின் தொடக்கத்தில் அதைக் குறிப்பிட்டு, அந்த மூலத்தை நெறியாளர் அறிய விலக்கலாம்.

எண்ணைக் குறைக்க, சொற்களை மாற்றி எழுதித் தரும் மாற்றெழுத்துக் கருவியில் போடுவது எல்லாவற்றிலும் மோசம். அது கலைச்சொல்லையும் விட்டுவைக்காது. 'செயற்கை நுண்ணறிவு' என்ற பொருளுள்ள சொல் 'போலிப் பிரக்ஞை' ஆன ஆங்கிலக் கட்டுரைகள் அச்சிலேயே வந்திருக்கின்றன. சொல்லை மாற்றினாலும் கருத்து யாருடையதோ அவருக்கு மேற்கோள் கொடுத்தே ஆக வேண்டும்.

தமிழ் ஆய்வேடுகளில் குறைந்த எண்ணைக் கண்டு நெறியாளர்கள் நிம்மதி அடைவதுதான் எனக்குப் பெரிய கவலை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, மென்பொருளின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் உள்ள தமிழ் மூலம் எதனோடும் அது பொருந்தாது. யூனிகோடுக்கு மாற்றி ஏற்றினாலும், அச்சில் மட்டுமே உள்ள தமிழ் நூல்களும் படமாக ஸ்கேன் செய்த பழைய ஆய்வேடுகளும் ஒப்பிடும் தரவுத்தளத்தில் இருக்காது. அங்கே 3 விழுக்காடு வந்தாலும், அந்தத் துறையின் நூல்களைப் படித்த ஒருவர் ஆய்வேட்டை முழுதாகப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.