தொட்டி கட்டினா மட்டும் போதுமா?

கோடை வந்துட்டா போதும், மிருகங்க குடிக்கட்டும்னு காட்டுக்குள்ள தொட்டில லாரி வச்சு தண்ணி ரொப்புற வீடியோ ஒன்னு சுத்த ஆரம்பிச்சிடும், கீழ பூரா கும்புடு போட்ட கமெண்ட்டு. பாக்க எனக்கும் சந்தோஷமாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா தண்ணி வச்சா புண்ணியம்னு அதோட விட்டுடுறோம் பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

தென்னாப்பிரிக்காவுல க்ரூகர்னு ஒரு வனவிலங்குப் பூங்கா. 1930கள்ல இருந்தே போர் போட்டு, காத்தாடி பம்பு வச்சு, முன்னூறுக்கு மேல போட்டுட்டாங்க. வடக்குப் பக்கம் வறண்ட பூமி, உயரமா புல்லு, அதை நம்பி ரோன்னு ஒரு மான் இனம். தண்ணி வந்ததும் வரிக்குதிரை கூட்டம் கூட்டமா அங்க வந்துச்சு, அது பின்னாடியே சிங்கமும் வந்துச்சு, பஞ்சமும் சேர்ந்துக்க 1986ல சுமார் 450 இருந்த ரோன் 1993ல 45 கிட்ட வந்துடுச்சு. அப்புறம்தான் பம்பை ஒவ்வொன்னா மூட ஆரம்பிச்சாங்க. பக்கத்துலயே கிளாசெரின்னு ஒரு தனியார் காப்பகம், அங்க எங்க பாத்தாலும் தண்ணி. 1982-83 பஞ்சத்துல அங்க கொத்துக் கொத்தா செத்தது தாகத்துல இல்லங்க, பசியில. தண்ணி எங்கயும் கிடைச்சா மேய்ச்சலும் எல்லா இடத்துலயும் நடக்கும், கஷ்ட காலத்துக்குன்னு மிச்சம் புல்லே இருக்காதுல்ல.

அப்ப எல்லாத்தையும் மூடிடலாமான்னா, அதுவும் முடியாது. ஜிம்பாப்வேல வாங்கே பூங்காவுல பெரும்பகுதிக்கு வருஷம் பூரா ஓடுற ஆறே கிடையாது, வறண்ட மாசங்கள்ல யானைங்க பெரும்பாலும் போர் தண்ணிய நம்பித்தான் இருக்கு. அவ்வளவு பம்பு ஓடியும் 2023 கடைசில மழை தள்ளிப்போனதுல 100 யானைக்கு மேல செத்துச்சு. முன்னெல்லாம் வறட்சி வந்தா அதுங்க நடந்து போயிடும், இப்ப போற வழியில ஊரும் வயலும் வேலியும். வழிய அடைச்சது நாமன்னா தண்ணி வைக்கிறது நம்ம கடன், அதுல தர்மம் கிர்மம்னு பேச ஒன்னும் இல்ல. ஜீப்ல போறவங்க போட்டோ எடுக்கட்டும்னு ரோட்டோரம் வச்ச தொட்டி வேற கதை, அதை இன்னைக்கே மூடலாம்.

அமெரிக்காவுல அரிசோனால கோஃபா சரணாலயத்துல பெருங்கொம்பு ஆட்டுக்காக 2007ல வனவிலங்குத் துறை ரெண்டு தொட்டி வச்சாங்க, அவசியம் இல்லாம அங்க எதையும் கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கறதால கேஸ் ஆயிடுச்சு. தொட்டி கண்டிப்பா தேவைதான்னு நீங்க சரியா காட்டலயேன்னு 2010ல அப்பீல் கோர்ட்டு கேட்டுச்சு. நியாயமான கேள்விதானே?

வைக்கிறதுலயும் சின்னச் சின்ன விஷயம் இருக்கு. உள்பக்கம் சொரசொரன்னு ஒரு சரிவு இல்லன்னா பல்லி, குஞ்சு, தேனீ எல்லாம் விழுந்து ஏற முடியாம மிதக்கும். யானைக்கு கலங்கின தண்ணி பிடிக்காது, நேரா குழாய் வாய்லயே தும்பிக்கைய வச்சு உறிஞ்சும், பைப்பு வெளிய தெரிஞ்சா பிடுங்கி எறிஞ்சிடும் (நம்மளும் அழுக்குத் தண்ணி குடிக்க மாட்டோம்ல).

அதனால யாராச்சும் தொட்டிக்கு நன்கொடை கேட்டா தாராளமா குடுங்க, கூடவே ரெண்டு கேள்வி கேளுங்க: பம்பு ரிப்பேரானா அன்னைக்கே போய் பாக்க ஆள் இருக்கா, மழை வந்தா மூடுவீங்களா?