"தேவைப்படும்போது" என்றால் எப்போது?

நேற்று இரவு நான்கு மணி நேரம் என் கேமரா அன்ன விண்மீன் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிட எக்ஸ்போஷராக நாற்பத்தெட்டுப் படங்கள். அவற்றில் உருப்படியானவை முதல் எட்டு மட்டுமே. மீதி நாற்பதின் நடுவிலும், ஓரம் மட்டும் வெளிறிய ஒரு கறுப்புத் திட்டு, படத்துக்குப் படம் சிறிது சிறிதாகப் பருத்துக்கொண்டே போகிறது. சென்சாரின் கண்ணாடி மேல் படிந்த உறைபனி அது. 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த ஒளிரும் வாயு மேகமான வெய்ல் நெபுலாவை, தமிழில் சொன்னால் திரை நெபுலாவை, எடுக்கப் போனவனுக்கு அதன் மேல் இன்னொரு திரையைப் போட்டுக் கொடுத்திருக்கிறது, குளிரூட்டும் வசதி கொண்ட மோனோ (கறுப்பு வெள்ளை) கேமரா என்று நான் காத்திருந்து வாங்கிய இந்தக் கருவி.

இதில் என்னைக் கொதிக்க வைப்பது பனி அல்ல. சென்சாருக்குப் பின்னால் இருக்கும் பெல்டியர் தகடு வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்துகிறது. அதனால் அந்த அடைத்த அறைக்குள் மிகவும் குளிர்ந்த இடமாகச் சென்சார் ஆகிவிடுகிறது. உள்ளே துளி ஈரப்பதம் மிஞ்சியிருந்தாலும் அது அங்கேதான் போய்ப் படியும். இது இயற்பியல், இதோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை எல்லாம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு வரியோடுதான்: "ஈரம் உறிஞ்சும் வில்லைகளைத் தேவைப்படும்போது மாற்றவும்."

தேவைப்படுவது எனக்கு எப்படித் தெரியும்? வில்லைகளில் இருக்கும், நிறங்காட்டி சேர்த்த சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சினால் நிறம் மாறும் என்கிறார்கள், சரி; ஆனால் அந்த வில்லைகளை உலோக உடலுக்குள் ஒரு திருகு மூடிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, நிறத்தைப் பார்த்துக்கொள் என்றால் எதன் வழியாகப் பார்ப்பது? சென்சாரின் வெப்பநிலையைப் பத்தில் ஒரு டிகிரி வரை அளந்து காட்டத் தெரிந்தவர்களுக்கு, அதே அறைக்குள் ஈரப்பதத்தை அளக்க ஒரு சிறு உணரியை வைக்க மனம் வரவில்லை. இரவு முழுவதும் திரையில் "−10.0" என்ற எண் அசையாமல் நின்றது. அந்த எண்ணை நம்பித்தான் நான் தூங்கப் போனேன்.

சீரான ஒளியை மட்டும் படமெடுத்து, அதாவது ஃப்ளாட் எடுத்து, அதைக் கொண்டு கறைகளைச் சரிசெய்துவிடலாமே என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் மேல் உட்கார்ந்த தூசியை ஃப்ளாட் நீக்கும், ஏனென்றால் தூசி இருந்த இடத்தில் இருக்கும். பனி அப்படியா இருக்கிறது? படப்பிடிப்புக்கு முன் எடுக்கும் ஃப்ளாட்டில் அது பிறந்திருக்காது. காலையில் குளிரூட்டலை நிறுத்திய பின் எடுக்கும் ஃப்ளாட்டில் அது உருகிப் போயிருக்கும். குளிர் நிலையிலேயே வைத்து எடுத்தாலும் கடைசிப் படத்தில் இருந்த அளவுதான் பதியுமே தவிர, இருபதாவது படத்தில் இருந்த அளவு பதியாது.

வண்ணக் கேமராவாக இருந்திருந்தால் அந்த எட்டுப் படங்களை வைத்தாவது, இரைச்சலோடு சரி, ஒரு வண்ணப் படம் தேறியிருக்கும். அதில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு என்பதால் ஹைட்ரஜன் வாயு உமிழும் சிவப்பு ஒளியான ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் பெரும்பகுதி வீணாகிறது என்று தெரிந்துதான், ஒவ்வொரு பிக்சலும் வேலை செய்யும் மோனோவுக்கு வந்தேன். அதற்கு விலை, நிறத்துக்கு ஒரு ஃபில்டராக மாற்றி மாற்றி, ஒரு படத்தைத் துண்டு துண்டாகப் பல இரவுகளில் சேர்க்க வேண்டியிருப்பது. ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆறு மணி நேரத் தரவு போன வாரத்திலிருந்து வன்தட்டில் காத்துக் கிடக்கிறது. அதற்குத் துணையாக வர வேண்டிய 500.7 நானோமீட்டர் ஆக்ஸிஜன் ஒளிதான் நேற்றுக் கெட்டது. அது இல்லாவிட்டால் அந்த ஆறு மணி நேரமும் வெறும் கறுப்பு வெள்ளைப் படம். அதுவும் வெய்லில், நீலப்பச்சை இழைகள்தானே அழகே!

இனி வாடிக்கையாளர் சேவையின் பதில். "இவ்வளவு குளிர வைக்காதீர்கள், பூஜ்ஜியம் டிகிரியே போதும்." போதும்தான், மறுக்கவில்லை. குளிரக் குளிர, சுமார் ஆறு டிகிரிக்கு ஒருமுறை இருள் மின்னோட்டம் (ஒளியே படாதபோதும் சென்சாரின் வெப்பத்தால் எழும் மின்னோட்டம்) பாதியாகிறது என்று கணக்கிட்டால், பூஜ்ஜியத்துக்கும் மைனஸ் பத்துக்கும் இடையே மூன்று மடங்குதான் வேறுபாடு. இன்றைய நல்ல சென்சார்களில் அந்த மூன்று மடங்கும் வான ஒளியின் இரைச்சலுக்குள் காணாமல் போய்விடும். அப்படியானால் பெட்டியின் மேல் "சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி கீழே" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டது எதற்கு? விற்கும்போது 35, பழுது என்று போனால் பூஜ்ஜியமா? மேலும், வேறு வேறு கால அளவுகளில் சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்காக மூடியை மூடி நான் எடுத்து வைத்திருக்கும் டார்க் படங்கள் அத்தனையும் மைனஸ் பத்தில் எடுத்தவை. வெப்பநிலையை மாற்றினால் அவற்றையும் புதிதாக எடுக்க வேண்டும் என்பதைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

இப்போது கேமராவைக் கழற்றி வில்லைகளை வெளியே எடுத்து உலர்த்திக்கொண்டிருக்கிறேன். கேமராவைத் தொலைநோக்கியில் மீண்டும் மாட்டினாலும் பழைய கோணத்தில் அப்படியே பொருந்தாது. ஆகவே ஏழு ஃபில்டர்களுக்கும் ஃப்ளாட்டுகளை மீண்டும் எடுத்தாக வேண்டும். வெளியே வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. நாளை மறுநாள் முதல் நிலவு மாலையிலேயே வந்து நிற்கும். ஹைட்ரஜன் ஆல்ஃபா அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆக்ஸிஜன் பொறுக்காது. வில்லைகளின் நிறம் இன்னும் மாறவில்லை.