கிட்டி ஜெனோவீஸை 38 பேர் வேடிக்கை பார்த்தார்களா?

1964 மார்ச்சில் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டதை 38 பேர் அரை மணி நேரம் ஜன்னலில் நின்று பார்த்தார்கள், ஒருவரும் உதவவில்லை என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகளாகப் பாடப்புத்தகங்களிலேயே வந்த கதை, நம்பியதில் வியப்பில்லை. ஆனால் நடந்தது அப்படியல்ல.

முதல் தாக்குதலின்போதே ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்ட, கொலைகாரன் ஓடினான். அவன் திரும்பி வந்து தாக்கியது கட்டடத்தின் பின்பக்க வாசலுக்குள்; பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்திருக்கவே முடியாது. தெரிந்தும் ஒதுங்கியவர்கள் சிலர் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு சோஃபியா ஃபேரர், கொலைகாரன் போய்விட்டானா என்றுகூடத் தெரியாமல் இறங்கி ஓடி, உதவி வரும்வரை கிட்டியைக் கைகளில் தாங்கிக்கொண்டிருந்தார். மாணவர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது அவரை விட்டுவிடாதீர்கள்.

சரிபார்ப்பது எளிது. இந்தக் கதையைப் பரப்பியது நியூயார்க் டைம்ஸ். கொலைகாரன் வின்ஸ்டன் மோஸ்லி இறந்தபோது, 2016 ஏப்ரலில் அதே நாளிதழ் வெளியிட்ட இரங்கல் செய்தியைத் தேடிப் படியுங்கள். தன் பழைய செய்தி சாட்சிகளின் எண்ணிக்கையை மிகைப்படுத்திவிட்டது என்று அதுவே ஒப்புக்கொண்டிருக்கிறது.